கோணல் கண்ணாடி போன வழி

ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, ஆப்பு வடிவில் சீவப்பட்ட கண்ணாடித் துண்டு. பள்ளி ஆய்வகத்தில் வெள்ளொளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் முப்பட்டகத்தின் இனம்தான். இதன் வழியே வரும் ஒளி தடித்த பக்கமாக வளையும். அதனால் எதிரே உள்ள பொருளெல்லாம் மெலிந்த பக்கமாகச் சற்றுத் தள்ளித் தெரியும். இந்தத் துண்டுகள் இரண்டைச் சட்டத்தில் பொருத்தி மூக்கின்மேல் மாட்டினால், உலகம் மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை ஓர் ஆராய்ச்சிக் கருவியாக முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1867இல் நிறைவுபெற்ற தன் பார்வை ஒளியியல் பெருநூலில் அவர் விவரிக்கும் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். கண்ணாடி வழியே ஒரு பொருளைப் பார்த்துக் கையை நீட்டினால் கை தவறும். சில முறை முயன்றால் குறி சரியாகும். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீட்டினால் கை மறுபடி தவறும், ஆனால் இம்முறை எதிர்ப்பக்கமாக.

அந்த எதிர்ப்பக்கத் தவறில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளை எடுக்கப் போகும்போது மூளைக்கு இரண்டு செய்திகள் போகின்றன. பொருளும் கையும் எங்கே தெரிகின்றன என்று கண் சொல்கிறது. கை எங்கே நிற்கிறது என்று தோளும் முழங்கையும் தசைகளும் சொல்கின்றன. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதால், வந்தவை இரண்டு செய்திகள் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு கண்ணாடித் துண்டு தேவைப்பட்டது. கழற்றிய பிறகும் கை தவறுகிறது என்றால், இடைப்பட்ட சில நிமிடங்களில் மூளை ஏதோ ஒரு கணக்கைத் திருத்தி எழுதியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து இந்தக் கருவி வேறு உருவம் எடுத்தது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று வானியலாளர் கெப்ளர் 1604லேயே எழுதிவிட்டார். அந்தத் தலைகீழ் பிம்பம் நேராகப் பார்க்க அவசியம்தானா? லைப்சிக்கில் உளவியலாளர் வுண்ட்டிடம் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் இதைத் தன் கண்ணிலேயே சோதித்தார். லென்ஸ்கள் பொருத்திய குழாயை வலக்கண்ணில் கட்டினார், இடக்கண்ணை மூடினார். மேல் கீழாகவும் இடம் வலமாகவும் உலகம் புரண்டது. இரவில் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கினார். 1897இல் வெளியான இரண்டாம் சோதனை எட்டு நாள் நடந்தது. கண்ணாடி அணிந்திருந்த நேரம் மொத்தம் 87 மணி.

முதல் நாள்களில் தலையைத் திருப்பினால் அறையே சுழன்றது. எடுக்க வேண்டிய கைக்குப் பதில் மற்றக் கை போனது. நாள் போகப்போகத் தடுமாற்றம் அடங்கியது. அவர் குறிப்புகளில் என்னை மிகவும் ஈர்ப்பது காதைப் பற்றிய செய்தி. நாற்காலியின் கையில் பென்சிலால் தட்டினால், பென்சில் கண்ணுக்கு எங்கே தெரிந்ததோ அங்கிருந்தே சத்தம் வருவதாக அவருக்குக் கேட்டது. காதில் எதையும் மாட்டவில்லை. கண் இடம் மாறியதும் காதும் அதன் பின்னால் போயிற்று. தொடு உணர்வும் அப்படித்தான். 1933இல் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனின் சோதனையில், முப்பட்டகக் கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்கு நேரான விளிம்பு வளைந்து தெரிந்தது. பார்த்துக்கொண்டே விரலால் தடவியபோது விரலுக்கும் அது வளைவாகவே பட்டது.

இதை வைத்துக் கண்தான் ராஜா என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே தியோடோர் எரிஸ்மானும் அவருடைய மாணவர் ஈவோ கோலரும் உலகைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடிகளைச் செய்து நாள்கணக்கில் மாட்டிவிட்டார்கள். 1950இல் படமும் எடுத்தார்கள். ஆரம்பத்தில் கோப்பையை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாமல் திணறியவர்கள், பின்னர் அதே கண்ணாடியோடு சைக்கிள் ஓட்டினார்கள். கோலர் பதிவு செய்தவற்றில் இரண்டை மறக்க முடியாது. தலைகீழாகத் தெரிந்த மெழுகுவத்தியை ஏற்றியதும் அது சட்டென்று நேரானது. சுடர் மேல்நோக்கித்தானே எரியும். கயிற்றில் கட்டிய குண்டைக் கையில் தொங்கவிட்டதும் அதுவும் நேராகத் தெரிந்தது. கையில் இறங்கும் பாரம், கீழ் எது என்று கண்ணுக்குச் சொல்லிவிட்டது.

கண்ணாடியோடு பழகினால் உலகம் முழுவதும் நிரந்தரமாக நேராகிவிடும் என்ற கதை இதிலிருந்துதான் பரவியது. 1999இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் நான்கு பேர் ஆறு முதல் பத்து நாள் இத்தகைய கண்ணாடி அணிந்தார்கள். நடமாட்டமும் கைவேலையும் நன்றாகத் தேறின. காட்சி மட்டும் நேராகவே இல்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. காட்சி எப்படி இருந்தாலும், கையும் காலும் அதோடு ஒத்துப்போகும்படி செய்துவிட்டால் மூளைக்கு அது போதும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் 1958இல் இப்படிப் பழகுவதற்கு ஒரு நிபந்தனை இருப்பதைக் கண்டார்கள். முப்பட்டகம் வழியே தன் கையைப் பார்ப்பவர், கையைத் தானே அசைத்தால் பழகிக்கொள்கிறார். அதே அசைவைக் கருவி செய்து கொடுத்தால் பழகுவதில்லை. அசைக்கச் சொல்லிப் போன கட்டளையும், கண்ணில் வந்து விழுந்த விளைவும் ஒப்பிடப்பட வேண்டும். அந்த ஒப்பீட்டில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு. செயின்ட் லூயிஸில் 1996இல் களிமண் உருண்டைகளைக் குறி பார்த்து எறிய வைத்தார்கள். நலமானவர்கள் கண்ணாடியோடு தவறி, திருந்தி, கழற்றியபின் எதிர்ப்பக்கம் தவறினார்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் திருத்தமே நிகழவில்லை. கழற்றிய பிறகு எதிர்ப்பக்கத் தவறும் இல்லை.

கண்ணாடி பறவைக்கும் போனது. ஸ்டான்ஃபோர்டில் எரிக் நூட்சன் கூகைகளுக்கு முப்பட்டகம் மாட்டினார். கூகையால் கண்ணை உருட்ட முடியாது, தலையைத்தான் திருப்பும். அதனால் காட்சி 23 பாகை நகர்ந்தால் நகர்ந்தபடியே நிற்கும். இருட்டில் எலியின் சலசலப்பை இரு காதுக்கும் இடையிலான நுண்ணிய நேர வேறுபாட்டால் கணிக்கும் பறவை அது. இளம் கூகைகளில் வாரக்கணக்கில் அந்தச் செவிக்கணிப்பே பார்வைக்கு ஏற்ப நகர்ந்தது. நடுமூளையில் ஒலியின் வரைபடம் இடம் பெயர்ந்தது. சரியாக இருந்த காது, பொய் சொன்ன கண்ணுக்கு இணங்கிப்போனது. வளர்ந்த கூகைக்கு ஒரேயடியாக 23 பாகை கொடுத்தால் அவ்வளவாக இணங்காது. சிறுசிறு படியாகக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் என்பது 2002இல் தெரிந்தது.

அதே 2002இல், ஸ்ட்ராட்டன் பணியாற்றிய பெர்க்லியிலிருந்தே, கண்ணா மற்றப் புலனா என்ற இந்த வழக்கின் கணக்கு வெளிவந்தது. ட்யூபிங்கனில் முனைவர் பட்டம் முடித்து வந்த மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸுடன் சேர்ந்து செய்த சோதனை அது. அதில் முப்பட்டகம் இல்லை. ஒரு மேட்டின் உயரத்தைப் பார்த்தும் விரலால் தொட்டும் சொல்ல வேண்டும். காட்சி தெளிவாக இருந்தபோது தீர்ப்பு கண்ணின் பக்கம் சாய்ந்தது. காட்சியைக் கலங்கடிக்கக் கலங்கடிக்க, தீர்ப்பு விரலின் பக்கம் நகர்ந்தது. எந்தப் புலன் அந்த நேரத்தில் எவ்வளவு நம்பகமோ அவ்வளவு எடை. கிப்சனின் வளைந்த விளிம்பும் ஸ்ட்ராட்டனின் பென்சிலும் இந்தக் கணக்கில் அழகாக அடங்குகின்றன. கண் அங்கே வென்றது இடத்தையும் வடிவத்தையும் சொல்வதில் அது துல்லியமானது என்பதால்தான்.

இதற்கு நான்கு ஆண்டு முன்பே கண்ணாடி மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. மூளையின் வலப்பாதி பக்கவாதத்தில் அடிபட்ட சிலர், கண் நன்றாக இருந்தும் இடப்பக்கத்தைக் கவனிப்பதே இல்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்பார்கள். முகத்தில் வலக்கன்னத்தை மட்டும் மழிப்பார்கள். பூவை வரையச் சொன்னால் இதழ்கள் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். குறை இருப்பதாகவே பலருக்குத் தோன்றாது. “இடப்பக்கம் பாருங்கள்” என்று எத்தனை முறை சொன்னாலும் நிலைக்காது. குடும்பத்தாருக்கு இது பெரும் சோதனை.

பிரான்சின் லியோனில் ஈவ் ரோசெட்டியும் சகாக்களும் இத்தகைய நோயாளிகளுக்கு, காட்சியை 10 பாகை வலப்பக்கம் தள்ளும் முப்பட்டகத்தை மாட்டி, எதிரே உள்ள குறிகளைச் சுமார் 50 முறை சுட்டச் சொன்னார்கள். சில நிமிட வேலை. கை முதலில் வலப்பக்கம் தவறியது, பிறகு திருந்தியது. கழற்றியதும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட அதே எதிர்ப்பக்கத் தவறு கையை இடப்பக்கம் இழுத்தது. கையோடு நிற்கவில்லை: கோட்டை நடுவில் பிரிப்பது, படம் வரைவது, வாசிப்பது எல்லாவற்றிலும் இடப்பக்கம் திரும்பி வந்தது, குறைந்தது இரண்டு மணி நேரம் நிலைத்தது. 1998இல் இது நேச்சர் இதழில் வெளியானபோது பலரும் வியந்தார்கள், நியாயமாகவே. 2002இல் ஓர் இத்தாலியக் குழு இரண்டு வாரம் தினமும் இருவேளை இதைச் செய்து, பலன் ஐந்து வாரமாவது நீடித்ததாக அறிவித்தது. பின்னர் நடந்த சோதனைகளில் சில கைகொடுத்தன, சில கொடுக்கவில்லை. யாருக்கு எத்தனை அமர்வு, மூளையின் எந்தப் பகுதி அடிபட்டிருந்தால் பலிக்கும் என்று ஆய்வாளர்கள் இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நலமானவர்களிடம் விரைவில் கரைந்துவிடும் அந்தத் தவறு, நோயாளிகளிடம் ஏன் அத்தனை நேரம் தங்குகிறது என்பதையும்தான்.