உணவுக்குழாய்ப் புற்றுநோயும் வயதுக் கணக்கும்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போனால், அடுத்திருக்கும் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அறிஞர் அண்ணா பெயர் தாங்கியது. காஞ்சி அவர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரைக் கொண்டுபோனது உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது.

1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஊர் திரும்பினார். 1969 ஜனவரி 14-இல் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்ததைப் பார்த்தார். பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். வயது 59.

"முதலமைச்சருக்கே அப்படி ஆச்சே, இந்த வயசுல நமக்கெதுக்கு வைத்தியம்?" என்று என் வயதுக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1913-இல் அதே நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், மார்பிலுள்ள உணவுக்குழாயைப் புற்றுநோய்க்காக முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். நோயாளி 67 வயதுப் பெண்மணி. கழுத்திலிருந்து வயிற்றுக்கு, உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் வைத்து, அதன் வழியாகச் சாப்பிட்டு, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அதற்காக எல்லா முதியவருக்கும் கத்திதான் என்றும் இல்லை. அறுவைக்கு முன் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 2012-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அதில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. 80 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

ஆகவே மருத்துவர்கள் பிறந்த வருஷத்தை மட்டும் பார்ப்பதில்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, இதயமும் நுரையீரலும் எப்படி, எடை எவ்வளவு குறைந்தது, தானே நடமாடுகிறாரா என்றும் பார்க்கிறார்கள். அறுவை தாங்காதவருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் உண்டு. அதுவும் முடியாதவருக்கு, அடைப்பில் உலோக வலைக்குழாய் வைத்தால் கஞ்சியாவது தொண்டையில் இறங்கும். அதுவும் சிகிச்சைதான்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "பெரியவரிடம் சொல்லாதீங்க டாக்டர்" என்று பிள்ளைகள் வெளியிலேயே பேசி முடிவெடுத்துவிடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து போராடுவதா, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிடுவதா என்பதை அவரிடமும் கேளுங்கள். விழுங்கும்போது சோறு அடைக்கிறது என்று அவர் சொன்னால், வாயுக்கோளாறு என்று தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள். சீக்கிரம் போனால்தான் தேர்ந்தெடுக்க வழிகள் அதிகம் இருக்கும்.