பாடகியைத் தொலைத்த கேபிள்

இந்த எபிசோடை எங்க ஆபீஸ்ல நடந்த ஒரு சின்னக் குழப்பத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு ஜோடி பழைய ஸ்டுடியோ ஸ்பீக்கர் அலமாரி மேல சும்மா கிடந்தது. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ‘ஆக்டிவ்’ வகை. அந்தக் காலத்தில் நல்ல விலை. ஒரு முனையில் ஹெட்ஃபோன் பின், மறுமுனையில் மைக்குக்கு வர்ற மாதிரி மூணு கால் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் ஒண்ணு வாங்கி, ஒரு ஸ்பீக்கரை மட்டும் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தோம். வயலின் கேட்குது, கோரஸ் கேட்குது, பாடகியைக் காணோம்! கூடவே ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல். “ஸ்பீக்கர் போச்சு சார், பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்”னு முடிவே பண்ணிட்டாங்க.

ஸ்பீக்கர் மேல தப்பே இல்லை. இரண்டு வேறு வேறு வரலாறுகள் அந்தக் கேபிளில் மோதிக்கொண்டன, அவ்வளவுதான்.

முதல் வரலாறு டெலிபோனுடையது. ஆரம்பகால டெலிபோனுக்கு ஒரே கம்பி; மின்சாரம் திரும்பி வரும் பாதை பூமி. 1880களின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம்கள் ஓட ஆரம்பித்ததும், லைனில் பேச்சைவிட இரைச்சல் அதிகமானது. தீர்வாக இரண்டு கம்பி போட்டார்கள். வெளியே இருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் போய், பேச்சு மட்டும் நிற்கும். இதுதான் ‘பேலன்ஸ்டு’ லைன்.

வானொலி இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒலி அளவு காட்டும் வியூ மீட்டரை 1939ல் தரப்படுத்தியவர்களே டெலிபோன்காரர்களான பெல் லேப்ஸும், என்பிசி, சிபிஎஸ் வானொலிகளும்தான். இன்றைக்கும் ஸ்டுடியோ சிக்னலின் வழக்கமான அளவு சுமார் 1.23 வோல்ட். ஆக்டிவ் ஸ்பீக்கரில் பெரிய பெயரான ஜெனலெக், 1978ல் பின்லாந்தின் ஈசால்மி ஊரில் தொடங்கியது. அதன் முதல் மாடல் எஸ்30 அந்நாட்டு வானொலியான யுலேவுக்காக உருவானது. அதாவது, இந்த வகை ஸ்பீக்கர் ஒலிபரப்பு நிலையத்துப் பிள்ளை.

இரண்டாவது வரலாறு சட்டைப் பையில் வளர்ந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவின் இயர்போன் பின், 1979ல் வாக்மேன் வழியாக ஸ்டீரியோவாகப் பரவியது. 1989ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டிலும் அதே 3.5 மி.மீ. ஓட்டைதான். வீட்டுச் சாதனங்களின் வழக்கமான அளவு சுமார் 0.3 வோல்ட், ஸ்டுடியோவில் கால் பங்கு.

இப்போ பாருங்க. இரண்டிலும் மூணு தொடர்புகள். ஹெட்ஃபோன் பின்னில் இடது, வலது, எர்த். எக்ஸ்எல்ஆரில் எர்த், சிக்னல், தலைகீழ் சிக்னல். ஸ்பீக்கர் தனக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்தது: இடதிலிருந்து வலதைக் கழித்தது. பாடகியின் குரல் இரண்டிலும் சமமாக இருந்ததால், அதை டிராம் இரைச்சல் மாதிரி நினைச்சுத் தூக்கி எறிஞ்சிடுச்சு.

‘ம்ம்ம்’ சத்தம்? கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த், நடுவில் கேபிளின் எர்த். மூணும் சேர்ந்து ஒரு வளையம். அதில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சுத்துது. “பிளக்கில் எர்த் பின்னைக் கழட்டிடுங்க, சத்தம் நின்னுடும்”னு ஒருத்தர் சொன்னார். நிக்கும்தான். ஆனா உலோகப் பெட்டியில் கரண்ட் கசிஞ்சா, தொடுறவங்க உயிரைக் காப்பாத்த இருப்பது அந்தப் பின்தான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீங்க.

சரியான வழி இரண்டு. ஒன்று, நடுவில் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்; இதுவும் டெலிபோன்காரர்கள் பயன்படுத்தியதுதான். இரண்டு, பேலன்ஸ்டு அவுட்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். நாங்க இரண்டாவதை எடுத்தோம்: இடதுக்கு ஒரு கேபிள், வலதுக்கு ஒரு கேபிள், எல்லா பிளக்கும் ஒரே பவர் ஸ்டிரிப்பில். ஒலியைக் கீழே வச்சு மெதுவா ஏத்தினோம்.

இரைச்சல் இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நின்னு பாடகி பாடினார். பழைய சாமான்காரருக்குப் போட்ட போனை ரத்து பண்ணினோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.