யந்திரசாலை யாருடையது?

1841ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் உதயதாரகைப் பத்திரிகையை வெளியிடத் தொடங்கியபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சுயந்திரம் என்பது மிஷன்களின் உடைமையாகவே இருந்தமையால், சைவ மக்கள் தங்கள் பக்கத்து நியாயத்தை அச்சிற் காண விரும்பினும், தம் சமயத்தைக் கண்டிப்போரின் கருவியையே நாடவேண்டிய நிலை இருந்தது. பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்த ஆறுமுக நாவலர், அச்செழுத்தின் வலிமையை அணுக்கமாகக் கண்டவராதலின், பிரசங்கமும் பாடசாலையும் மாத்திரம் போதா எனத் துணிந்து, 1849இற் சென்னபட்டணம் சென்று ஓர் அச்சுயந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் முறைகளை அவர் கற்றுக்கொண்டார். கருவியை மட்டும் இரவல் வாங்கவில்லை. கணினியிலும் இணையத்திலும் நெடுங்காலப் பிரியமுடைய எனக்கு, நம்மவர் இணையத்திற் கூடிய வரலாற்றை நோக்குந்தோறும் இச்செயலே அளவுகோலாகத் தோன்றுகின்றது.

நாவலருக்குப் பின்வந்த தலைமுறைகளில் இம்மனப்பாங்கு வாசிகசாலைகளாகவும் சனசமூக நிலையங்களாகவும் ஊர்தோறும் பரவிற்று. சந்தாப் பணமும் சிரமதானமும் கொண்டு எழுந்த அச்சிறு கட்டடங்களிற் பத்திரிகை வாசிக்கப்பட்டதோடு, நிர்வாகசபை தெரிவதும், பொதுக்கூட்டத்திற் கணக்கறிக்கை வாசிப்பதும், மாறுபட்ட கருத்துடையோர் ஒரே வாங்கில் அமர்ந்து தர்க்கிப்பதும் பழக்கமாயின. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய இலவச நூல்நிலையத்தை வித்தாகக் கொண்டு வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1959இற் புதிய கட்டடத்திற் புகுந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது, ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் அறிவு எத்துணை எளிதில் அழியும் என்பதை இச்சமூகம் கண்கூடாகக் கண்டது.

1990இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும், ஜாம்போத்தல் விளக்கில் பாடம் படித்தும் ஊரிலிருந்தோர் காலங்கழித்த அதே பத்தாண்டில், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் குடியேறிய அவர்தம் உறவினர், பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு கணினியில் தமிழ் எழுதப் பழகினர். அவ்வெழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி அமைக்கப்பட்டவை. ஆதலால் இருபுறமும் ஒரே எழுத்துரு இல்லாவிடின், அனுப்பிய கடிதம் பெற்றவருக்கு அர்த்தமற்ற எழுத்துக் குவியலாகவே தெரிந்தது. இத்தடையை நீக்க உழைத்தோர் பலர் ஊதியம் கருதாத ஆர்வலர். எழுத்துருமாற்றிகளை ஆக்கி எவருக்கும் இலவசமாக வழங்கிய சுரதா யாழ்வாணன் அவர்களுள் ஒருவர். எனினும் உண்மையை மறைத்தலாகாது: எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியை வகுத்தது பெரும் நிறுவனங்கள் கூடிய கூட்டமைப்பே; விண்டோஸ் 2000 அதற்கு இடங்கொடுத்த பின்னரே நம் எழுத்து இடரின்றிப் பயணம் செய்யத் தொடங்கிற்று.

அப்பொதுநிலத்தில் விளைந்தவை சிறியனவல்ல. நாவலரின் யந்திரசாலை இருந்த அதே வண்ணார்பண்ணையிற் பிறந்து கட்டடக்கலைஞராகத் தொழில் புரிந்த இ. மயூரநாதன், 2003இன் இறுதியில் வளைகுடா நாட்டிலிருந்தபடி தமிழ் விக்கிப்பீடியாவை ஏறத்தாழத் தனியொருவராக வளர்க்கத் தொடங்கினார். 2005இன் தைப்பொங்கலையொட்டி, தி. கோபிநாத், மு. மயூரன் முதலிய இளைஞரின் முயற்சியால் நூலகம் திட்டம் தோன்றிற்று. பத்திரிகை, சஞ்சிகை, பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், மாண்டோர் நினைவாக அந்தியேட்டியில் வழங்கும் கல்வெட்டு என, முன்னர் பெட்டகங்களிற் கறையான் அரித்தவையெல்லாம் அங்கே இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களாகத் திரண்டுள்ளன. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாமாதலின், ஒரு நூலின் பிரதி இன்று எத்தனையோ நாடுகளிலுள்ள கணினிகளில் இருக்கின்றது. 1981இன் பாடம் வீண்போகவில்லை.

ஆனால் நம் சங்கங்களிற் பெரும்பாலானவை இவ்வழி செல்லாது, கைத்தொலைபேசி மலிந்த காலத்தில் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் குடிபுகுந்தன. செலவில்லை, சிரமமில்லை, பேரப்பிள்ளையின் படத்தை மறுகணமே காணலாம் என்னும் வசதியை நாடியவரைக் குறைகூறுவதற்கில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த நம் வழமைச் சட்டமாகிய தேசவழமை ஒற்றி என்னும் முறையை அறியும்: காணியை ஒற்றிக்குப் பெற்றவர் வட்டிக்குப் பதிலாக விளைவை அநுபவிப்பார்; உடையவரோ பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்வார். நாமும் நம் பேச்சையும் படங்களையும் நிறுவனங்களிடம் ஒப்படைத்தோம். விளம்பரமாகிய விளைவை அவை அநுபவிக்கின்றன. மீட்கும் உரிமை மாத்திரம் உறுதியில் எழுதப்படவில்லை. யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிற்றீசை மூடியபோதும், 2019இன் இறுதியிற் குழுமங்களின் பழைய மடல்களை நீக்கத் தொடங்கியபோதும், நம்மவர் எழுதியவற்றுள் எவ்வளவோ அவற்றோடு மறைந்தன. இலாபமற்றதை மூடுவது வணிகரின் தர்மத்துக்கு மாறன்று. பிறருடைய இலாபத்தின் மேல் ஊரின் ஞாபகத்தை ஏற்றிவைத்ததே நம் பிழை.

மறைவைக் காட்டிலும் நுட்பமானது மாற்றம். வாசிகசாலையில் எது முதலில் வாசிக்கப்படவேண்டும் என்பதைக் கூடியிருந்தோர் தீர்மானித்தனர். முகநூலில் அதனைத் தீர்மானிப்பது, பார்ப்போரை நெடுநேரம் நிறுத்திவைப்பதையே நோக்கமாகக் கொண்ட கணிப்புமுறை. ஆகையால் நிதானமாக எழுதுபவர் பின்தள்ளப்படுகின்றார், வசைபாடுபவர் முன்வருகின்றார். 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் நிகழ்ந்த முஸ்லிம் விரோதக் கலவரத்துக்குத் தன் தளம் துணைபோனமைக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரிற்று. அக்கலவரத்தின்போது அரசு இத்தளங்களைத் தீவு முழுவதும் முடக்கியமையால், குடாநாட்டுச் சங்கங்களின் வாயும் உடன் அடைபட்டது.

நிறுவனங்களை அறவே துறக்கவேண்டும் என்பது என் கட்சியன்று. திருவிழா அறிவித்தலும் மரணச் செய்தியும் முகநூலிற் போகட்டும். ஆனால் மலர், கூட்டக்குறிப்பு, பழைய நிழற்படம் ஆகியவற்றின் மூலப்பிரதி சங்கத்தின் கையிலும், மறுபிரதி நூலகம் போன்ற பொது ஆவணகத்திலும் இருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கணக்குப் புத்தகத்தைக் கையளிப்பதுபோல, இணையத்தள முகவரியின் உரிமையையும் கடவுச்சொல்லையும் புதிய செயலாளரிடம் கையளிப்பதை யாப்பில் ஒரு விதியாக எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஒரு தீர்மானமும், முன்மொழிபவர் ஒருவரும், வழிமொழிபவர் ஒருவரும் போதும்.