மொராக்கோ யூதர்கள்: அரண்மனை நிழலில் ஒரு சிறுபான்மை

'சகிப்புத்தன்மை' என்கிற வார்த்தை மீது எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. சகித்துக்கொள்கிறவன் யார், சகிக்கப்படுகிறவன் யார் என்பதை அந்த வார்த்தையே முடிவு செய்துவிடுகிறது. யூதர்களை அரவணைத்துக்கொண்ட அரபு நாடு என்று மொராக்கோவைப் பற்றி வருகிற புகழுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் தலைதூக்குகிறது. புகழுரை முழுப் பொய்யில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டது யார், என்ன நிபந்தனையின் பேரில் என்று கேட்காமல் விட்டால் வரலாறு பாதியில் நின்றுபோகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதை வைத்துக்கொண்டு 'பாத்தீங்களா, முஸ்லிம் நாடுன்னா இப்படித்தான்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1492இல் ஸ்பெயினின் கிறிஸ்தவ அரசு யூதர்களை நாட்டை விட்டே துரத்தியபோது, ஆயிரக்கணக்கானோர் கடல் தாண்டி வந்து ஒதுங்கிய இடங்களில் மொராக்கோவும் ஒன்று. யூத இனத்தையே அழிக்கக் கொலை முகாம் கட்டியது ஐரோப்பாதான்.

சரி, ஒதுங்க இடம் கொடுத்தார்கள். சமமாக உட்கார இடம் கொடுத்தார்களா? 1438இல் ஃபெஸ் நகரத்து யூதர்கள் அரண்மனையை ஒட்டிய தனிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். 'மெல்லா' என்று அதற்குப் பெயர். உப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது. பிறகு மற்ற ஊர்களின் யூதக் குடியிருப்புகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டப்படி அவர்கள் 'திம்மி', அதாவது பாதுகாக்கப்பட்டவர்கள். பாதுகாப்புக்கு விலை ஜிஸியா வரி. ஃபெஸ் போன்ற நகரங்களில் மெல்லாவைத் தாண்டிப் போனால் செருப்பைக் கழற்றியாக வேண்டும். இதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1912இல் பிரான்ஸ் மொராக்கோவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஃபெஸ்ஸில் மொராக்கோச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். கோபம் பிரெஞ்சுக்காரன் மேல். அடி விழுந்ததென்னவோ மெல்லா மேல். சுமார் 50 யூதர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. சுல்தான் அரண்மனைக் கதவைத் திறந்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்த இடம் அவருடைய மிருகக்காட்சி சாலை. காலிக் கூண்டுகளுக்குள்ளும் குடும்பங்கள் படுத்துக் கிடந்தன. உயிர் பிழைத்தது நிஜம். எங்கே வைத்துப் பிழைத்தார்கள் என்பதும் நிஜம்.

அரண்மனையை விட்டுத் தெருப்பக்கம் திரும்பினால் வேறொன்று தெரிகிறது. பஸ்கா விரதம் முடிகிற இரவில் யூதர்கள் 'மிமூனா' கொண்டாடுவார்கள். புளித்த மாவு அந்த வீடுகளில் இருக்காது. முஸ்லிம் பக்கத்து வீட்டார்தான் மாவும் வெண்ணெயும் தேனும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதற்கு எந்தச் சுல்தானும் ஆணை போடவில்லை. புகழவேண்டுமென்றால் இதைத்தான் புகழவேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் யூதர்களைக் காப்பாற்றியவர் என்று ஐந்தாம் முகம்மதுவைக் கொண்டாடுகிறார்கள். மொராக்கோவிலிருந்து யாரும் கொலை முகாமுக்கு அனுப்பப்படவில்லை, வாஸ்தவம். 1940லும் 1941லும் விஷி அரசின் யூத விரோதச் சட்டங்கள் அவருடைய முத்திரையோடுதான் வந்தன என்பதும் வாஸ்தவம். 1948இல் ஊஜ்தாவிலும் ஜெராதாவிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது நாட்டில் இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். 1956இல் விடுதலை கிடைத்து, முதல் அமைச்சரவையில் லியோன் பென்சாக்கென் என்ற யூதர் அமைச்சரானார். ஆனால் அதே காலத்தில் நாட்டை விட்டுப் போகத் தடையும் வந்தது. பின்பு, 1961 முதல் 1964 வரை, தலைக்கு இவ்வளவு டாலர் என்ற ரகசிய ஏற்பாட்டின் பேரில் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டார்கள். போன இடத்திலும் மரியாதை இல்லை. 1971இல் ஜெருசலேமின் முஸ்ராராவில் மொராக்கோ யூத இளைஞர்கள் 'கருஞ்சிறுத்தைகள்' அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்ததும் அதே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான்.

போகாமல் நின்றவர்களில் ஒருவர் ஆப்ரஹாம் செர்ஃபாத்தி. 1926இல் காசாபிளாங்காவில் பிறந்த சுரங்கப் பொறியாளர். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றதால் வேலை போனது. சியோனிசத்தையும் எதிர்த்தார், மன்னராட்சியையும் எதிர்த்தார். 1974இல் பிடிபட்டு 17 வருஷம் சிறையில் கிடந்தார். 1991இல் விடுதலை செய்த கையோடு, 'நீ மொராக்கோக்காரனே இல்லை, பிரேசில்காரன்' என்று சொல்லி நாடு கடத்தினார்கள். 1999இல் புதிய அரசர் வந்த பிறகே திரும்ப முடிந்தது.

என்னைப் பொறுத்தவரை உரைகல் இதுதான். பணிந்து நன்றி சொல்கிற சிறுபான்மையை எந்த அரசனும் ஏற்றுக்கொள்வான். எதிர்த்துப் பேசுகிறவனையும் 'நம்ம ஆளு' என்று சொல்லத் தெரிகிறதா?

இன்று மிச்சமிருப்பது சுமார் இரண்டாயிரம் பேர். காசாபிளாங்காவில் 1997இல் யூத அருங்காட்சியகம் திறந்தார்கள். அரபு உலகிலேயே முதலாவது. 2011 அரசியல் சட்டத்தின் முகப்புரை எபிரேயக் கூறும் தேசத்தின் அடையாளத்தில் சேர்ந்தது என்கிறது. இதெல்லாம் வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். எழுத்தில் வந்த உரிமை அருளை விட எவ்வளவோ மேல். ஆனால் கூட்டம் இருந்தபோது மதிலும், கூட்டம் கரைந்தபின் அருங்காட்சியகமும் என்றால், அதை ஏற்பு என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. நிழல் தருவது கருணை. அந்த நிலத்தில் நின்றுகொண்டு நிழல் தருகிறவனையே கேள்வி கேட்க முடிவதுதான் உரிமை.