159 வாக்குகளில் பிறந்த கட்சி

1964 ஜூன் 7ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி இரண்டாக உடைந்தது. கட்சியின் விசேட மாநாட்டில் மூன்று தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து கூட்டரசாங்கம் அமைப்போம் என்றார் என்.எம். பெரேரா. அதற்கு 501 வாக்குகள். போவதானால் நாம் மட்டும் போகக்கூடாது, இடதுசாரி ஐக்கிய முன்னணி முழுவதுமாகப் போகவேண்டும் என்றார்கள் கொல்வின் ஆர். டி சில்வாவும் லெஸ்லி குணவர்தனவும். அதற்கு 75. கூட்டே வேண்டாம் என்ற எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு அணிக்கு 159. தோற்ற அந்த அணி மண்டபத்தை விட்டு வெளியேறித் தனியே கூடியது. லங்கா சமசமாஜக் கட்சி (புரட்சிவாதப் பிரிவு) அப்படித்தான் பிறந்தது.

அந்தக் கட்சி நெடுநாள் நிற்கவில்லை. இன்று அதன் பெயரைச் சொன்னால் எங்கள் மாத்தளை மாவட்டத்து யட்டவத்தைப் பக்கத்தில் முதியவர்களில் சிலருக்கு மட்டுமே நினைவு வரும். ஆனாலும் அது பிறந்த விதத்தை நம்மவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். அன்று அந்த மண்டபத்தில் எடுத்த முடிவின் விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் மண்டபத்துக்குள் இருக்கவில்லை. அவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இருந்தார்கள்.

சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் தொடங்கியது. மலைநாட்டுத் தொழிலாளிக்கு அது வெறும் கொழும்புக் கட்சியாக இருக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். விசாரணையில் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின். அதே ஆண்டு ஜூனில் பிலிப் குணவர்தன, என்.எம்., கொல்வின், சமரக்கொடி நால்வரையும் வெள்ளைக்கார அரசாங்கம் பிடித்து அடைத்தது. 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து நால்வரும் தப்பினார்கள். கதவைத் திறந்து உதவிய சிறைக்காவலரும் அவர்களோடு சேர்ந்தே போனார். ஒரே சிறையிலிருந்து தப்பிய அந்த நால்வரில் இருவர் 1964இல் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள், மூன்றாமவர் நடுவில் நின்றார். பிலிப் அதற்கு முன்பே வேறு கட்சி கட்டி, 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் மந்திரியாகிவிட்டிருந்தார். 1965இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சியின் அமைச்சரவையிலும் உட்கார்ந்தார்.

இவ்வளவு உறுதியானவர்களைக் கூட்டரசாங்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது எது? பதவி ஆசை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. வாக்குக் கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். 1947 தேர்தலில் சமசமாஜிகள் 10 ஆசனம், அவர்களிலிருந்து பிரிந்து நின்ற போல்ஷெவிக் லெனினிஸ்டுகள் 5, கம்யூனிஸ்டுகள் 3 பெற்றார்கள். தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 கிடைத்தது. தோட்டத் தொழிலாளி வாக்குப்போட்டால் எந்தப் பக்கம் போடுவான் என்பதைப் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க கண்டுகொண்டார். 1948இல் அவனை நாடற்றவனாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. சமசமாஜிகள் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முழுமூச்சாக எதிர்த்தார்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் சட்டம் நிறைவேறிய பிறகு நிலைமை மாறியது. யட்டவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள்: சிங்களக் கிராமமும் தோட்ட லயமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அன்று வாக்கு கிராமத்தில் மட்டும்தான் இருந்தது. லயத்துக்குப் போன வேட்பாளருக்கு அங்கே எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. வாக்கில்லாத மனிதனுக்காகப் பேசினால் வாக்குள்ள மனிதனிடம் விலை கொடுக்கவேண்டும்.

அந்த விலையை அவர்கள் சில காலம் கொடுக்கவும் செய்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, மொழியை ஒன்றாக்கினால் நாடு இரண்டாகும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் இதே கொல்வின். 1960 மார்ச்சில் ஆட்சியையே பிடிக்கும் நம்பிக்கையோடு 101 தொகுதிகளில் வேட்பாளர்களை நிறுத்தி, பத்தே ஆசனங்கள் பெற்றார்கள். அந்த அடி அவர்களை உலுக்கியது. தனியாக நின்று இந்த நாட்டில் ஆட்சிக்கு வரமுடியாது என்ற முடிவுக்கு என்.எம். அங்கேதான் வந்தார் என்று நினைக்கிறேன். 1963 ஆகஸ்ட் 12இல், 1953 ஹர்த்தால் என்ற பொது வேலைநிறுத்தத்தின் நினைவுநாளில், சமசமாஜக் கட்சி உட்பட மூன்று இடதுசாரிக் கட்சிகள் அந்த இடதுசாரி ஐக்கிய முன்னணியை அமைத்தன. தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளை முன்வைத்து ஒன்றுதிரண்டன. நாட்டின் தொழிலாளர் இயக்கம் அதுவரை காணாத பலம் அது. அந்தப் பலத்தைக் கண்டு பயந்துதான் சிறிமாவோ என்.எம்.முக்குக் கதவைத் திறந்தார். மாநாடு முடிந்த நான்காம் நாள் என்.எம். நிதியமைச்சர். இன்னும் இரண்டு சமசமாஜிகளுக்கு மந்திரிப் பதவி. 21 கோரிக்கைகளுக்கான போராட்டம் கைவிடப்பட்டது.

கட்சிக்குள் இருப்பதா வெளியேறுவதா என்ற கேள்விக்கு மாநாட்டின் அந்த ஒரு நாளில் பல பதில்கள் வந்தன. வெளியேறியவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த 75 பேர்தான் முக்கியம். கொல்வினும் லெஸ்லியும் என்.எம்.மின் தீர்மானம் தவறு என்று சொல்லி, வாக்களித்து, தோற்று, அப்படியே உள்ளே இருந்தார்கள். கட்சி நம் கட்சி, உள்ளிருந்து திருத்தலாம் என்பது அவர்கள் வாதம். நேர்மையான வாதம்தான். ஆனால் எது நடந்தால் வெளியேறுவோம் என்று, நான் அறிந்தவரை, அவர்கள் எங்குமே சொல்லிவைக்கவில்லை.

ஐந்து மாதம் ஆகவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சமுள்ள 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம். அவர்களில் யாரையும் கேட்கவில்லை. சமசமாஜிகள் அப்போது அமைச்சரவையில் இருந்தார்கள். குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் குரல் உடைந்த கட்சி, ஆட்களை எண்ணிப் பிரித்த ஒப்பந்தத்துக்குத் துணைநின்றது. மாத்தளைப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் பிறந்த மண்ணை விட்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போயின. அந்த ரயிலை மலையகத்து ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள்.

அடுத்த படிகள் இன்னும் எளிதாக வந்தன. 1966 ஜனவரியில், தமிழுக்குச் சிறிது இடம் கொடுக்கும் ஒழுங்குவிதிகளை அப்போதைய ஐக்கிய தேசியக் கட்சிப் பிரதமர் டட்லி சேனாநாயக்க கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் சமசமாஜிகளும் இருந்தார்கள். அவரைத் தமிழருக்கு விலைபோனவராகக் கேலிசெய்து, டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று தெருவில் கோஷம் எழுந்த காலம் அது. 1970இல் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து அமைத்த ஐக்கிய முன்னணி வென்றது, சமசமாஜிகளுக்கு 19 ஆசனம். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய கொல்வின் பெருந்தோட்டத் துறை அமைச்சரானார். 1972 அரசியல் யாப்பை ஆக்கியவரும் அவரே. அதில் சிங்களமே அரசகருமமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகப் பழைய யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு காணாமல் போயிற்று. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்து, லயங்களில் பட்டினியாலும் நோயாலும் மக்கள் செத்தபோது நிதியமைச்சர் என்.எம்., தோட்ட அமைச்சர் கொல்வின். 1975 செப்டம்பரில் சிறிமாவோவே அவர்களை வெளியே தள்ளினார். 1977 தேர்தலில் கட்சிக்கு ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை.

ஆக, வெளியேறியவர்கள் சொன்னது நடந்தது. கட்சிக்குள் தங்குவது கட்சியைத் திருத்தாது, தங்குபவரைத்தான் திருத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 159 பேரின் முடிவு சரி என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் அவர்கள் கட்டியது ஏன் நிற்கவில்லை என்பதையும் கேட்கவேண்டும்.

1964 டிசம்பர் 3. சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் அரசாங்கம் 73க்கு 74 என்று ஒரே வாக்கால் தோற்றது. அமைச்சர் சி.பி. டி சில்வா ஒரு கூட்டத்தோடு சுதந்திரக் கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்குத் தாவிய நாள். புதுக் கட்சியின் இரண்டு உறுப்பினர்களான சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். அரசாங்கம் போய், ஐக்கிய தேசியக் கட்சி வந்தது. கூட்டரசாங்கத்தை எதிர்த்தவர்கள் வலதுசாரிகளைக் கொண்டுவந்தார்கள் என்ற பழி சமரக்கொடியை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பிறந்து ஆறு மாதம் ஆகாத கட்சிக்கு அது தாங்கமுடியாத சுமை.

அதற்குமேல் உட்பிணக்குகள். வி. காராளசிங்கம் என்ற தமிழர் ஒருவர் இருந்தார். கூட்டைக் கடுமையாக எதிர்த்து வெளியேறியவர். புதுக் கட்சிக்குள்ளும் தன் அணியோடு பிணங்கி, சில ஆண்டுகளில் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டார். 1968இல் சமரக்கொடியும் புதுக் கட்சியை விட்டுப் போனார். பாலா தம்பு மட்டும் நிலைத்தார். அவருக்கு இலங்கை வர்த்தகத் தொழிலாளர் சங்கம் இருந்தது, கட்சி பிறப்பதற்கு முன்பே அவர் கட்டிக்காத்த சங்கம். எந்த மந்திரிக்கும் தலைவணங்காமல் 2014இல் இறக்கும்வரை அவர் அதன் பொதுச் செயலாளர். வெளியேறியவன் போய்ச் சேர ஒரு இடம் வேண்டும். தம்புவுக்கு அது கொழும்பின் கந்தோர்களிலும் துறைமுகத்திலும் இருந்தது. வெளியேறியவர்களில் யாருக்கும் லயத்தில் அவ்வளவு உறுதியான ஒன்று இருக்கவில்லை. தோட்டத்தில் வேரூன்றிய தனிச் சங்கத்தை அந்த 159 பேர் முதலில் கட்டியிருந்தால் மலையகத்தின் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

பழைய இடதுசாரிகள் விட்டுப்போன இடம் காலியாக இருக்கவில்லை. நா. சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலகிய ரோஹண விஜேவீர 1965இல் மக்கள் விடுதலை முன்னணியைத் தொடங்கினார். அவர்களிடம் ஏமாந்த கிராமத்துச் சிங்கள இளைஞர்கள் அங்கே போனார்கள். அந்த இளைஞர்களுக்கு முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். தோட்டத் தொழிலாளியை அதன் கருவியாகக் காட்டிய வகுப்பு. கொல்வினின் கட்சி கைவிட்ட லயத்து மனிதனை இந்த இளைஞர்கள் எதிரியாகவே படித்தார்கள்.

அந்த முன்னணி மாறியிருக்கிறது, மாறவில்லை என்று சொல்வது அநியாயம். 2012இல் அதிலிருந்தும் ஒரு பிரிவு வெளியேறி முன்னிலை சோசலிசக் கட்சி ஆனது. எஞ்சியவர்கள் தேசிய மக்கள் சக்தியைக் கட்டினார்கள். நம் மாத்தளை மாவட்டத்துக் கலேவெலயில் பிறந்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு 225இல் 159 ஆசனங்கள். 1964இல் தோற்றவர்களின் அதே எண், இப்போது ஆளும் கட்சிக்கு. மாத்தளையும் மலையகமும் அதற்கு வாக்களித்தன. இன்று லயத்தில் வாக்கு இருக்கிறது.

ஆனால் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் காலத்தில் கையெழுத்தான சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் அப்படியே தொடர்கிறது. அதைப் பார்த்து உள்ளே புழுங்கும் தோழர்கள் கட்சிக்குள் இருக்கிறார்கள். யட்டவத்தையில் சிங்களத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உடனே வெளியேறச் சொல்லவில்லை. லயத்துக் குடும்பத்துக்குக் காணி உறுதி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகக் கொடுத்த வாக்கு, இவற்றில் எது எந்த நாளுக்குள் நடக்காவிட்டால் போவீர்கள் என்பதைத் தோழர்களோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திடுங்கள். போகும் நாள் வருமுன்னே தோட்டத்தில் ஒரு சங்கத்தைக் கட்டுங்கள்.