கொரியவியல்: மலேசியப் பல்கலைக்கழகங்களில் நவீன கொரிய வரலாறும் சமூகமும்

கொரியத் தீபகற்பத்தின் மொழி, வரலாறு, பண்பாடு, சமூகம் ஆகியவற்றை ஒருங்கே பயிலும் பல்கலைக்கழகத் துறை கொரியவியல். இதன் நவீன காலப் பிரிவு பெரும்பாலும் ஜப்பானுடன் 1876இல் செய்துகொண்ட காங்வா உடன்படிக்கையில் தொடங்குகிறது. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சி (1910–1945), நாட்டுப் பிரிவினை, 1950–53 போர், தெற்கின் தொழில் வளர்ச்சி, 1987இன் மக்களாட்சி மீட்பு ஆகியவை அதன் முதன்மைப் பகுதிகள்.

மலேசியாவில் இத்துறை கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றியது. பிற மாநிலங்களில் நிலை வேறு. எடுத்துக்காட்டாக, ஜொகூர் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பொறியியலையும் தொழில்நுட்பத்தையும் சார்ந்து வளர்ந்தவை. அம்மாநிலத்தின் பொந்தியானிலிருந்து கிழக்கே போனால் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்; வடக்கே போனால் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். கொரிய வரலாற்றில் பட்டம் பெற நினைக்கும் பொந்தியான் மாணவர் தலைநகருக்குத்தான் பேருந்து ஏற வேண்டும்.

முன்னோடிகள்

கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற கருத்தைப் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல் டாலே 1874இல் வெளியான தம் திருச்சபை வரலாற்று நூலில் எழுப்பினார். அதை முழு நூலாக விரித்தவர் அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட். 1886இல் ஆங்கிலம் கற்பிக்கக் கொரியா வந்த இவர், கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905இல் ஒரு நூல் எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதே ஆண்டில்தான் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடாக்கியது. பேரரசர் கோஜோங்கின் மடலுடன் ஹல்பர்ட் வாஷிங்டன் சென்றார். மடலுக்குப் பயன் கிட்டவில்லை. 1949இல் சோல் திரும்பிய சில நாள்களிலேயே காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மொழி உறவுக் கொள்கையை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. எனினும் அது முற்றிலும் கைவிடப்படவில்லை. 1984இல் மார்கன் கிளிப்பிங்கர் சொற்சான்றுகளுடன் அதை மீண்டும் எடுத்துரைத்தார். இந்தியத் தொடர்பு பற்றிய மரபுக் கதையும் உண்டு: பழைய கொரிய நூலான 'சம்குக் யூசா' கூறும், கொரிய மன்னரை மணந்த அயுத்தா நாட்டு இளவரசி அயோத்தியைச் சேர்ந்தவர் என்பது பரவலான கருத்து. தென்கோடி ஆய் நாட்டைச் சேர்ந்தவர் என்று தமிழ் எழுத்தாளர் சிலர் கூறுவர். இரண்டுக்கும் உறுதியான தொல்லியல் சான்று இல்லை.

போர்க்காலம்

மலாயாத் தமிழரின் வரலாறும் நவீன கொரிய வரலாறும் சந்தித்த இடம் போரின்போது ஜப்பானிய இராணுவம் அமைத்த சயாம் மரண ரயில் பாதை. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான இப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் இதற்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோரின் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இத்துயரத்தை மலேசியத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்தியது.

ஜப்பானிய இராணுவம் 1942இல் கொரியாவில் ஏறத்தாழ 3,000 இளைஞர்களைத் திரட்டி, பூசானில் பயிற்சி அளித்து, தென்கிழக்காசியப் போர்க்கைதி முகாம்களுக்குக் காவலராக அனுப்பியது. தமிழ்த் தொழிலாளர் குடிசைகளுடன் அவர்களுக்கு எந்த அளவு நேரடித் தொடர்பு இருந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. அவர்களின் முதன்மைப் பணி மேற்கத்தியக் கைதிகளைக் காப்பதே. போர் முடிந்ததும் 148 கொரியர் போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டு, அவர்களில் 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தென்கொரிய அரசு அமைத்த ஆணையம், தண்டிக்கப்பட்டோரில் 83 பேரை 2006இல் கட்டாயத் திரட்டலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றது. கைதிகளின் நினைவில் கொடியவர்; தாயகத்தின் பதிவேட்டில் பாதிக்கப்பட்டவர். குடியேற்ற ஆட்சி ஒரு மனிதனை எங்கெல்லாம் நிறுத்தும் என்பதற்கு மலேசிய வகுப்பறையில் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

கிழக்கு நோக்கும் கொள்கை

மலாயாவும் தென்கொரியாவும் 1960 பிப்ரவரி 23 அன்று தூதரக உறவு கொண்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் கல்வித் தொடர்பு குறைவே.

1982 பிப்ரவரி 8 அன்று பிரதமர் மகாதீர் முகமது கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். பிரிட்டன் மீது அவருக்கு இருந்த மனக்கசப்பு இதற்குப் பின்புலமாகச் சுட்டப்படும். ஜப்பானிய, கொரியத் தொழிலாளரின் ஒழுங்கும் உழைப்பும் அவரைக் கவர்ந்தன என்பதும் உண்மை. எது முதன்மைக் காரணம் என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர். பொதுச் சேவைத் துறையின் உதவிச் சம்பளத்தில் மாணவர் இரு நாடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். கொரியாவுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பம் கற்றனர். மொழி அதற்கு வாயில்.

கொள்கையின் தடங்களைக் கட்டுமானங்களிலும் காணலாம். 13.5 கிலோமீட்டர் நீளமான பினாங்குப் பாலத்தை ஹூண்டாய் நிறுவனம் கட்ட, அது 1985இல் திறக்கப்பட்டது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களில் ஒன்றை ஜப்பானிய நிறுவனம் தலைமை ஏற்றுக் கட்டியது. மற்றொன்றைச் சாம்சங் தலைமையிலான கூட்டணி எழுப்பியது.

மலேசியாவுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட கொரியா, 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவத்தின் துப்பாக்கிகளுக்குத் தன் மக்களைப் பலி கொடுத்த நாடும்கூட. கிழக்கு நோக்கிய மலேசியாவில் ஆலை ஒழுங்கு பேசப்பட்ட அளவுக்கு அது பேசப்படவில்லை. 1987 கோடையில் உல்சானின் ஹூண்டாய்த் தொழிலாளர் தொடங்கிய பெரும் வேலைநிறுத்த அலையையும் அப்படியே சொல்லலாம்.

1990களின் நடுப்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகக் கலை, சமூக அறிவியல் புலத்தில் கிழக்காசியவியல் துறை உருவாகி, ஜப்பானியவியலும் கொரியவியலும் இளங்கலைப் பாடங்களாயின. தமிழ் பயிற்றுவிக்கும் இந்தியவியல் துறை 1956 முதல் இயங்குவதும் அதே புலத்தில்தான். வரலாறும் அரசியலும் சமூகமும் மொழியோடு சேர்ந்து பட்டமளவில் கற்பிக்கப்பட்டது கிழக்காசியவியல் துறையால்தான் இயன்றது. பிற பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கொரியம் விருப்ப மொழியாக உள்ளது.

கருத்து வேறுபாடுகள்

ஜப்பானிய ஆட்சி கொரியாவை நவீனமாக்கியதா, அதன் இயல்பான வளர்ச்சியை முறித்ததா என்பது தீராத விவாதம். முதலாளியத்தின் வித்துகள் ஆட்சிக்கு முன்பே மண்ணில் இருந்தன என்பது ஒரு தரப்பு. கார்ட்டர் எக்கர்ட் 1991இல் எழுதிய நூல், கொரியத் தொழில் முதலாளிகளின் தோற்றத்தைக் குடியேற்ற ஆட்சிக்குள் தேடியது. கொரியப் போரின் வேர்களை உள்நாட்டுச் சமூகப் பூசல்களில் கண்ட புரூஸ் கமிங்ஸின் நூல்களும் (1981, 1990) எதிர்ப்பைச் சந்தித்தன. ஒரே அரசு வரலாற்றுப் பாடநூலைக் கொண்டுவரும் முடிவை 2015இல் பார்க் குன் ஹே அரசு எடுத்தது. 2017இல் அடுத்த அரசு அதைக் கைவிட்டது.

இந்தியாவில்

கொரியப் போரில் இந்தியாவின் பங்கு பெரிது. ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது வான்குடை மருத்துவப் பிரிவு 1950 இறுதியில் பூசானில் இறங்கியது. போருக்குப் பின் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை ஏற்றார். டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கொரிய மொழிப் பட்டப்படிப்பு உண்டு. தமிழ்நாட்டில் ஹூண்டாய் 1990களின் பிற்பகுதியில் தொழிற்சாலை அமைத்தது. சென்னையில் 2006இல் இன்கோ பண்பாட்டு மையம் தொடங்கியது.

அண்மைக்காலம்

2002இல் கொரியாவில் வெளியான 'விண்டர் சொனாட்டா' தொடருக்குப் பின் கொரிய நாடகங்களும் இசையும் மாணவரை இத்துறைக்கு ஈர்க்கத் தொடங்கின. குவாங்ஜுவைக் களமாகக் கொண்டு நாவல் எழுதிய ஹான் காங் 2024இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் இயோல் இராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கியது.