ஒப்பந்த வாத்தியார்கள்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய் போர்வெல் போட்டதை எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு வெகு முன்னதாகவே தமிழ்நாட்டு வாத்தியார்கள் அங்கே சாக்பீஸ் பிடித்திருந்தார்கள். அதைச் சொல்வார் குறைவு என்பது எனக்குத் தீராத மனக்குறை.

பேரரசர் ஹைலே செலாசி காலத்து எத்தியோப்பியாவில் பல பள்ளிக்கூடங்கள் இந்திய ஆசிரியர்களை நம்பித்தான் நடந்தன. 1974இல் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1976இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்க் காசு இருந்தது, வாத்தியார் போதவில்லை; நம்மவர்களுக்கு அங்கே வாசல் திறந்தது. 1986இல் அந்நாட்டு நாணயமான நைரா சரிந்ததும் அந்த வாசலும் ஒடுங்கிப்போனது.

என் தலைமுறைக்கு வாய்த்தது மாலத்தீவு. நாமக்கல் தனி மாவட்டமான 1997க்கு முன், பி.எட். முடித்த நாங்கள் சேலம் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வருமென்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை ராசிபுரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளம். மாலத்தீவிலோ 1961 முதலே ஆங்கிலவழிக் கல்வி. மேல்வகுப்புப் பிள்ளைகள் ஓ லெவல் தேர்வு எழுதுவார்கள். திவேஹி மொழியையும் இஸ்லாமையும் உள்ளூர் ஆசிரியர்களே நடத்தினார்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் வெளியாள் தேவைப்பட்டது.

எனக்குக் கிடைத்தது, பிரசவ விடுப்பில் போன டீச்சரின் இடம். ரிலீஃப் வேலை. யார் வேலை கொடுத்தார்களோ அவர்களோடு கட்டிய விசா. வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், தலைநகர் மாலேயிலிருந்து என் பள்ளி இருந்த தீவுக்குப் படகில் ஒரு ராத்திரி. கடலையே பார்க்காமல் வளர்ந்தவன் நான். வகுப்பில் பாதிப்பேர் மீன்பிடிக்கும் வீட்டுப் பையன்கள். வருஷத்தை நட்சத்திரக் கணக்கில் 27 கூறாக்கி, எந்தக் கூறில் எந்தக் காற்று, எப்போது சூரை மீன் படும் என்று அவர்கள் மளமளவென்று சொல்வார்கள். நான் அந்தக் கணக்கை வைத்தே பின்னம் நடத்தினேன். அந்த வருஷம் நான் கற்பித்ததில் அதுதான் உருப்படியானது என்று இன்றும் நம்புகிறேன்.

பிறகு ஊர் திரும்பினேன். நாமக்கல்லின் ஹாஸ்டல் பள்ளிகள் மார்க்குக்குப் பேர்போனபோது, அவற்றில் ஒன்றில் என்னோடு ஸ்டாஃப் ரூமில் நைஜீரியாவிலிருந்து திரும்பிய இயற்பியல் சார் ஒருவர் இருந்தார். கையில் சோதனைக் கருவி இல்லாமலே சோதனை நடத்திக்காட்டும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது; அதை அங்கேதான் பழகினேன் என்பார்.

இப்போதும் இளம் டீச்சர்கள் மாலத்தீவு ஒப்பந்தத்தோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். விடுமுறைச் சம்பளமும் திரும்பிவர டிக்கெட்டும் அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்கிறேன்.